நாற்பதாயிரம் கோடி உயிர்கள்

"எத்தனை?" என்று கேட்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அதுதான்.

சுகர் லேண்டில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருமுனைத் தபால் பெட்டிகளுக்கு அருகே சேலை கட்டிய ஒரு பெண்மணியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "இந்தத் தெருவுல நம்மாளுங்க நிறைய இருக்காங்கன்னு பையன் சொன்னானுங்க" என்றேன்.

"எத்தனை எண்டு சொன்னவர்?"

எனக்குத் தெரியவில்லை.

"பதினொரு வீடு. நீங்கள் வந்ததோட முப்பத்தெட்டுப் பேர். அதை விட, ஒரு பிள்ளை இன்னும் வயித்தில இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். கிறிஸ்தவர். கணவரை இழந்தவர். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு எழுபத்து நான்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான் என்று சொன்னதிலிருந்து அவர் பேச்சில் 'சார்' என்பதற்கான 'சேர்' ஆகிவிட்டேன். அவர் ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுதான் வேலை. பிற்பாடு அதற்கு இயந்திரம் வந்தது. ஒரு முறை ஒரு குழந்தையின் ரத்தத்துக்கு இயந்திரம் ஒரு கணக்குச் சொன்னது. இவர் கையால் எண்ணி வேறு கணக்குச் சொன்னார். டாக்டர் இரைந்தாராம். "நீங்கள் மெசினை நம்புங்கோ, நான் இன்னொருக்கா எண்ணுறன்" என்று திரும்ப உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இவர் கணக்குத்தான் சரி என்று மறுநாள் தெரிந்தது. இந்தக் கதையை என்னிடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் வலது கட்டைவிரல் தானாக அசையும். அணு ஒன்றுக்கு ஒரு தட்டு என்று கையடக்கக் கருவியைத் தட்டிப் பழகிய விரல்.

அவருடைய தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து. நானும் போயிருந்தேன். நூறு பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள் என்று போதகர் மைக்கில் மகிழ்ந்தார். பக்கத்திலிருந்து என் காதில், "எண்பத்தேழு" என்றார் இவர். தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இவரிடம்தான் கேட்பார்கள். சோறு எவ்வளவு, மசாலா வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் எத்தனை என்று மனக்கணக்காகச் சொல்வார். அவர் சொன்ன அளவில் எதுவும் குறைந்ததில்லை. எந்தப் பாத்திரத்தைக் காட்டினாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "காணாது" என்பார். அவர்கள் ஊரில் போதாது என்பதற்கு அந்தச் சொல். போதும் என்றால் 'காணும்'. அதை அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அவர் வீட்டில் பியர் காய்ச்சுகிறார் என்று தெரிந்த நாளில் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். நான் சொட்டு மது தொடாதவன். அப்பா மதுவிலக்குப் பிரசாரத்துக்கு ஊர் ஊராகப் போனவர். இந்த அம்மா என்னடாவென்றால் முந்தானையைச் செருகிக்கொண்டு காரேஜில் முளைகட்டிய பார்லியான மால்ட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கணவர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன பாத்திரங்கள் என்றார். "சாமான் சும்மா கிடக்கக் கூடாது, சேர்." ஒன்பது ஆண்டுகளாக ஏல் என்ற வகையைக் காய்ச்சி வந்தார். அது இந்த ஊர் வெப்பத்துக்குச் சுலபமாக வருமாம். லாகர் என்ற இன்னொரு வகை குளிரில் மெதுவாக நொதிக்க வேண்டியது. அதை அவர் ஒருபோதும் முயன்றதில்லை.

அந்த ஆண்டு முயல வேண்டி வந்தது. பிளானோவில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை டெக்சாஸ்காரன். செக் நாட்டிலிருந்து எப்போதோ வந்து குடியேறிய குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா தன் பண்ணைக் கொட்டகையில் இருபது வருடமாக லாகர் காய்ச்சியவர். இதயத்தில் அறுவை செய்ததோடு, பாரம் தூக்கும் அந்த வேலையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கடைசிப் பீப்பாயின் அடியில் தங்கிய, நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டை விரல் நீளக் குழாய் ஒன்றில் எடுத்து, இதுதான் மிச்சம், நீங்கள் காய்ச்சுங்கள், கல்யாணத்தில் குடிப்போம் என்று இவரிடம் கொடுத்திருந்தார்.

"சம்பந்தி வீட்டுச் சீதனம்!" என்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் ஒரு சுண்டுவிரல் நகத்தளவுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இதை அப்படியே போட்டுற வேண்டியதுதானுங்களே?"

"காணாது, சேர். லாகர் ஈஸ்ட் குளிருக்குள்ள நிண்டு வேலை செய்யிற ஆக்கள். கொஞ்சப் பேரை விட்டால் களைச்சுப் போவினம். ஏலுக்கு விடுறதை விட ரெண்டு மடங்கு வேணும்." தாளில் கணக்குப் போட்டார். "நாற்பதாயிரம் கோடி. இதுக்குள்ள ஆயிரம் கோடியும் உயிரோட இராது."

நாற்பதாயிரம் கோடி உயிர்! அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குள் ஏதோ துள்ளியது. நாற்பது ஆண்டு மன்னர்களின் படைகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு படை திரட்டலைக் கண்டதில்லை.

முறை எளிது. மால்ட் மாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அந்த இனிப்பு நீரில் ஈஸ்ட்டை விட வேண்டும். இரண்டு நாள் அடிக்கடி சுழற்றினால் அது பெருகும். பிறகு குடுவையை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் ஈஸ்ட் எல்லாம் அடியில் படியும். மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, அடியில் உள்ளதன்மேல் இன்னும் அதிகமாக இனிப்பு நீர் விட வேண்டும். முதலில் ஒரு டம்ளர், பிறகு ஒரு லிட்டர், அப்புறம் நாலு லிட்டர். கல்யாணத்துக்குப் பதினொரு வாரம் இருந்தது. லாகருக்கு எட்டு வாரம் வேண்டும். ஆக, ஈஸ்ட் வளர்க்க மூன்று வாரம்.

சுழற்றும் வேலை எனக்கு. காலை நடைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று ஆரம்பித்தது. பிறகு காரணமில்லாமலே போக ஆரம்பித்தேன். மகன் கேலி செய்தான். "என்னப்பா, ஆன்ட்டி காரேஜுல லேப் அசிஸ்டென்டா ஜாயின் பண்ணிட்டீங்களா? ரிடையர்மென்ட்டுக்கு அப்புறம் செகண்ட் கரியரா?"

குடுவையைச் சுழற்றினால் நுரை எழும்பும். கலங்கலான நீர் ஒவ்வொரு நாளும் வெளுத்துக்கொண்டே போகும். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். கட்டம் போட்ட கண்ணாடியின்மேல் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. செத்தவை நீலச் சாயத்தை உறிஞ்சி நீலமாகும், உயிரோடு இருப்பவை வெள்ளையாகவே நிற்கும் என்றார். ஓர் உருண்டையின் விலாவில் கடுகுபோல இன்னொன்று முளைத்திருந்தது. "பிள்ளை!" என்று கத்திவிட்டேன். "உங்களுக்கு விசர், சேர்" என்று பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். பிறகு கட்டைவிரலால் தட்டித் தட்டி எண்ணினார். லிட்டர் கட்டம் முடிந்தபோது நோட்டில் எழுதிய எண் இருபதாயிரம் கோடி. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்போதுதான் அவர் பிளானோவுக்குப் புறப்பட்டார். மகளுக்குக் கல்யாண உடுப்பு எடுக்க வேண்டும். நாலரை மணி நேரம் தனியாகவே ஓட்டிக்கொண்டு போவார். "சின்னப் பிள்ளையள் எல்லாம் என்னை விலத்திக்கொண்டு போவினம். நான் அவையளை விலத்திப் போட்டுப் போவன்" என்பார். முந்துவதை அவர்கள் ஊரில் விலத்துவது என்பார்கள். போகுமுன் என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துத் தெளிவாகச் சொன்னார். "நாளைக்குப் பின்னேரம் மேல நிக்கிற தண்ணியை சிங்கில ஊத்துங்கோ. அடியில இருக்கிறதுதான் எங்களுக்கு வேணும். வடிவா விளங்கினதோ?"

"விளங்குச்சுங்க." ஃப்ரிட்ஜ் கதவிலும் எழுதி ஒட்டியிருந்தார்.

மறுநாள் மாலை போனேன். குடுவையின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு, பால் பவுடரைக் குழைத்தாற்போல வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர். அந்த நேரம் பார்த்துக் கோவையிலிருந்து தங்கை போன் செய்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே குடுவையை எடுத்தேன். என் கை என்ன செய்தது தெரியுமா? அறுபது வருடமாகக் காலையில் டிகாக்‌ஷன் இறுத்த கை. ரசத்தில் தெளிவை மொண்டு மண்டியை விட்ட கை. தெளிந்த நீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் பாத்திரத்தில் ஊற்றி வைத்தது. அடியில் இருந்ததைச் சிங்கில் கொட்டி, வெந்நீர் விட்டுக் குடுவையைப் பளபளவென்று கழுவியது. தங்கை பேச்சை முடித்த பிறகுதான் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாள் என் கண்ணில் பட்டது.

சிங்கைக் குனிந்து பார்த்தேன், ஒரு துளிகூட மிச்சமில்லை.

உடனே போன் செய்து சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் ஒரு பேராசிரியன், வாயால் சொல்லியும் எழுதியும் காட்டிய சிறு வேலையைச் செய்யத் தெரியாதவன் என்று ஆவதை என்னால் தாங்க முடியவில்லை. காரணம் அற்பமானதுதான். தெளிந்த நீரைத் திரும்பக் குடுவையில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவர் வந்ததும், "ஒண்ணுமே படியலீங்க. அதனால நான் தொடவே இல்லை" என்றேன்.

குடுவையை வெளியே எடுத்துப் பார்த்தார். தெளிந்த நீர். அடியில் வெறும் கண்ணாடி. நேராகப் போய் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். எண்ண அதிக நேரம் ஆகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்துகொண்டிருந்தவை மட்டுமே இருந்தன. நோட்டில் இருபதாயிரம் கோடிக்குக் கீழே புதிய எண்ணை எழுதினார். நூறு கோடிகூட இல்லை.

"ரெண்டும் உண்மையா இருக்க ஏலாது, சேர். முந்தி எண்ணினது பிழை."

"இல்லீங்க, ஏதாவது..."

"வேற என்ன? நீங்கள் தொடேல்லை. கதவு பூட்டிக் கிடந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கட அம்மாக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. இருபத்து மூண்டு கோழி நிக்கும். முப்பது எண்டு சொல்லுவா. நாங்கள் சிரிப்பம். ரெண்டு வருசத்தில என்னையே ஆரெண்டு கேட்டவ."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலையே கார் சாவியை, அவர் சொல்லில் 'திறப்பை', என் கையில் வைத்தார். "இதை நீங்கள் வச்சிருங்கோ. நாலு கட்டத்தில எண்ணத் தெரியாதவள் ஃப்ரீவேயில என்னத்தை ஓடுறது? ஆரையேன் அடிச்சுப் போட்டால்? பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. கலியாணம் முடியட்டும், பேந்து டொக்டரிட்டப் போவம்." இந்த ஊரில் கார் இல்லாதவர் வீட்டுக்குள் அடைபட்டவர். கடைக்கும் தேவாலயத்துக்கும் என் மகன் கூட்டிப்போனான். கண் கூசுவதால் ஓட்டுவதில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

லாகரை மட்டும் அவர் விடவில்லை. எஞ்சிய அந்தச் சில உயிர்களை வைத்துத் திரும்பவும் டம்ளரிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளை எப்படிச் சொல்வேன்! குற்ற உணர்ச்சி ஒருபக்கம், என் வாழ்நாளில் அறியாத பரபரப்பு மறுபக்கம். எண்ணும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். தான் மைக்ராஸ்கோப் பக்கமே வராமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்பார்.

"எத்தனை, சேர்?"

"பதினொண்ணுங்க."

"நீலத்தை விட்டிட்டோ?"

"விட்டுட்டுதானுங்க."

இரண்டு நாள் கழித்து நாற்பது. பிறகு நூற்றுக்கு மேல். சுழற்றிச் சுழற்றி என் தோள்பட்டை வீங்கியது. ஒரு தடவை மால்ட் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, இருவரும் முழங்கால் போட்டுத் துடைத்தோம். ஆனால் இந்த ஈஸ்ட் முன்போலச் சட்டென்று படியவில்லை. இரண்டு நாள் காத்திருந்தால் பாதிதான் இறங்கும், மீதி மிதந்துகொண்டே இருக்கும். அவர் நெற்றியைச் சுருக்குவார். பன்னிரண்டாம் நாள் எண்ணி முடித்துக் கணக்கை மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "நாப்பத்தோராயிரம் கோடிங்க!"

அவர் திரும்பினார். குடுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காணும், சேர்" என்றார்.

நான் கைதட்டினேன். மகன் எட்டிப் பார்த்து, "யாருக்குக் குழந்தை பொறந்துச்சு?" என்று கேட்டான். மறுநாளே பெரிய பாத்திரத்தில் காய்ச்சி, ஆறவைத்து, அத்தனை உயிரையும் உள்ளே விட்டோம். காரேஜ் ஃப்ரிட்ஜில் பத்து டிகிரிக் குளிரில், ஒரு நாள் கழித்து முதல் குமிழி 'குளுக்' என்று வெளியேறியபோது இருவரும் ஃப்ரிட்ஜ் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

டிசம்பரில் கல்யாணம். சுகர் லேண்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், மாப்பிள்ளையின் சிற்றூர் நடனக் கூடத்தில் நண்பகல் விருந்து. அவர் காரை என் மகன் ஓட்டினான். பின்னால் பெட்டிகளில் நாற்பத்தெட்டுப் போத்தல். முதல் போத்தலைச் சம்பந்திதான் திறந்தார். நெடிய மனிதர், தலையில் பெரிய தொப்பி. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பொன் நிறம், ஆனால் பனி மூடியதுபோலக் கலங்கல். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இது என் பியர்தான் என்று ஆங்கிலத்தில் கூவினார். கூடமே கைதட்டியது. நானும் முதல் முறையாக ஒரு மிடறு குடித்தேன். கசந்தது. அதன் பின்னாலேயே ரொட்டி வாசனை வந்தது. அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு சம்பந்தி சிரித்தபடி கேட்டார்: ஆனால் ஏன் இவ்வளவு கலங்கல்? என் ஈஸ்ட் கல் மாதிரி அடியில் விழுமே!

இவர் எல்லோருக்கும் நடுவில் நின்று, நேராக நிமிர்ந்து சொன்னார். தவறு என்னுடையது, நான் பிழையாக எண்ணிவிட்டேன், எனக்கு இப்போது தலை சரியில்லை. மகள் திடுக்கிட்டு, "அம்மா, வாட் ஆர் யூ சேயிங்?" என்றாள். அவர் சிரித்து மழுப்பினார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வெளியே வரச் சொன்னேன். கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் ஓக் மரத்தடியில் நின்றோம்.

"அன்னைக்கு ஈஸ்ட் படிஞ்சிருந்ததுங்க. நான்தான் அதைக் கொட்டிக் கழுவிட்டு, தண்ணியை எடுத்து வச்சுட்டேன். பயந்துட்டுப் பொய் சொல்லிட்டேன்."

அவர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"எவ்வளவு உயரத்துக்குப் படிஞ்சிருந்தது?"

"ரெண்டு விரற்கடைங்க."

"என்ன நிறம்?"

"வெள்ளைங்க. பால் பவுடர் குழைச்ச மாதிரி."

உதடு அசைந்தது. கணக்குப் போட்டார். "அப்ப இருபதாயிரம் சரி."

"சரிங்க."

"அடியில விழுந்த ஆக்களை ஊத்திப் போட்டு, விழமாட்டன் எண்டு மிதந்த ஆக்களை எனக்கு வச்சிருக்கிறியள். அவையின்ர பிள்ளையளும் மிதக்குதுகள். அதுதான் கலங்கல்." குரல் உயர்ந்துகொண்டே போனது. "அறுபத்தெட்டு நாள், சேர்! அறுபத்தெட்டு நாளா நான் கண்ணாடியில என்ர முகத்தைப் பாக்கேல்லை, அம்மாட முகத்தைத்தான் பாத்தனான்!" கைப்பையால் என் தோளில் ஒரு அடி அடித்தார். வலித்தது. இன்னொன்று அடிப்பார் என்று நின்றேன். அவர் உள்ளங்கையை நீட்டினார்.

"திறப்பைத் தாங்கோ."

மகனிடம் ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தேன்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். அன்று அவர் ஊற்றிக் கொடுத்தாரே தவிர ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மகன் முன்னால், நான் பின்னால். ஃப்ரீவேயில் ஏறும்போது ஒரு பெரிய டிரக்குக்கு முன்னால் அவர் புகுந்த வேகத்தில் நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "ஆன்ட்டி, ஸ்பீட் லிமிட்..." என்று மகன் ஆரம்பித்தான். "எனக்குத் தெரியும், தம்பி. எழுபத்தஞ்சு" என்றார். மாலை வெயிலில் ஒவ்வொரு காராக விலத்திக்கொண்டு போனார். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அவமானத்தில் குன்றிப்போயிருக்க வேண்டியவன் நான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மணி நேரமும் என் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வாசலில் நிறுத்தினார். மகன் இறங்கிப் போனான். நான் இறங்கி அவர் பக்கத்து ஜன்னலருகே போய் நின்று, "என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிக்கிறதைப் பேந்து பாப்பம், சேர். இப்ப எனக்குச் சந்தோசமா இருக்கு. அதைப் பழுதாக்காதேங்கோ."

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு பக்கத்து வீட்டில் இருந்தார். ரோல்ஸ் கொடுத்தனுப்பினார், கேலி பேசினார். பிறகு பார்ப்போம் என்ற மன்னிப்புப் பேச்சை மட்டும் அவர் எடுக்கவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. கடைசிவரை அவர் நினைவு தெளிவாகவே இருந்தது. நோய் வேறு இடத்தில் வந்து அவரைக் கொண்டுபோயிற்று.

அந்த மாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் காரை எடுத்தார். அவர் வீடு அடுத்த வாசல். அங்கே திரும்பவில்லை. தெருமுனை வரை போய், விளக்கைப் போட்டு, மறுபடியும் ஃப்ரீவே இருக்கும் பக்கமாகத் திரும்பினார். முக்கால் மணி நேரம் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் வரவில்லை.